கடைசி ஸ்டாண்டில் விழும் புள்ளி

அந்த விமான நிலையத்தில் இடியக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. இரண்டாம் மாடிக் கண்ட்ரோல் ரூமில், கண்ணாடிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மின்னலைக் கவனிப்பது அவள் வேலை. மின்னலைப் பார்ப்பதற்கு ஒரு சம்பளமா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்களில் முதல் ஆள் அவள் புருஷன்.

அவள் முன்னால் ஒரு திரை. அதன் நடுவில் விமான நிலையம், சுற்றிலும் இரண்டு வட்டங்கள். வெளி வட்டம் மஞ்சள், உள் வட்டம் சிவப்பு. எங்கே மின்னல் தரையில் இறங்கினாலும் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். மஞ்சளுக்குள் விழுந்தால் தயாராக வேண்டும். சிவப்புக்குள் விழுந்தால் யோசிக்கவே கூடாது, பொத்தானை அழுத்திவிட வேண்டும். அழுத்தினால் சைரன் ஊளையிடும். கம்பங்களில் ஆரஞ்சு விளக்குகள் சுழலும். கீழே தளத்தில் நிற்பவர்கள் அத்தனை பேரும் போட்டது போட்டபடி ஓய்வறைக்கு ஓடிவர வேண்டும். விமானத்தின் வயிற்றில் பெட்டிகள் பாதி ஏறியிருக்கும், மீதி மழையில் நனையும். உள்ளே இருக்கும் பயணிகள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து யாரையோ திட்டுவார்கள். அந்த யாரோ இடியக்காதான்.

கடைசிப் புள்ளி விழுந்து அரை மணி நேரம் வானம் சும்மா இருந்தால்தான் மறுபடி வேலை. அரை மணி முடியப்போகிற நேரத்தில் இன்னொன்று விழுந்தால், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். விழவும் செய்யும். நம் அவசரம் மின்னலுக்கு எங்கே தெரிகிறது.

சைரனுக்குப் பிறகு அழைப்பு உண்டு. ஒவ்வொரு ஸ்டாண்டாக, அதாவது விமானம் நிற்கும் ஒவ்வொரு இடமாக, வாக்கி-டாக்கியில் கூப்பிட வேண்டும். "ஒண்ணு, உள்ள வாங்க" என்பாள். "வந்துட்டோம்" என்று பதில் வரும். "ரெண்டு, உள்ள வாங்க." "வந்துட்டோம்." இப்படியே போகும். சைரன் கேட்டாலும், விளக்கு சுழன்றாலும், இந்தக் குரல் வந்து கூப்பிட்டால்தான் நகருவது என்று சிலருக்கு ஒரு பழக்கம். சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டேதான் கூப்பிடுவாள். ஆனால் ஒருவரையும் விட்டதில்லை, கடைசி ஸ்டாண்டைத் தவிர.

கடைசி ஸ்டாண்டைக் கூப்பிடாததற்குக் காரணம் அங்கே ஆள் இருப்பதில்லை. ஆள் இல்லாததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. சில வருஷங்களுக்கு முன், அவள் வேலைக்கு வருவதற்கு முன்னால், அங்கே ஒரு ஹெட்செட்காரர் இறந்துபோனார். விமானத்தைப் பின்னால் தள்ளும்போது அதன் மூக்கிலிருந்து ஒரு வயரை இழுத்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கூடவே நடந்து பைலட்டோடு பேசுகிறவர்தான் ஹெட்செட்காரர். அன்றைக்கு இதே நாற்காலியில் இருந்த ஆள் எல்லா ஸ்டாண்டையும் கூப்பிட்டான். கடைசி ஸ்டாண்டை மட்டும், "தள்ளுற வேலை பாதியில இருக்கு, முடிச்சிட்டு வரட்டும்" என்று விட்டுவிட்டான். மின்னல் விமானத்தின் வாலில் இறங்கி வயர் வழியாக வந்தது. உள்ளே இருந்தவர்கள் "டொப்புன்னு ஒரு சத்தம் கேட்டது" என்றார்கள், அவ்வளவுதான். கூப்பிடாதவன் மறுநாளே வேலையை விட்டுப் போனான். நாற்காலி இவளுக்கு வந்தது. இறந்தவரின் ஹெட்செட் வேலை அவள் புருஷனுக்கு வந்தது.

பைலட்டுகளோடு நாள் முழுக்க வயரில் பேசுகிற அந்த மனிதர், வீட்டில் "ம்" என்பதோடு சரி. வாய் திறந்தால் கிண்டல்தான். "வேலையிலயும் சைரன், வீட்டுலயும் சைரன். எனக்குன்னு எங்கடா ஒரு அரை மணி நேரம்" என்பார். அவள் சிரிக்கமாட்டாள். அவள் நினைப்பெல்லாம் அவர் கழுத்தில் கிடக்கும் அந்த வயரில்தான் இருக்கும். மற்றவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடலாம். இவர் கழற்ற வேண்டும், பைலட்டிடம் சொல்ல வேண்டும், அப்புறம்தான் ஓட வேண்டும். அந்தச் சில நொடிகளுக்காகவே அவள் யாரைவிடவும் சீக்கிரமாகப் பொத்தானை அழுத்துவாள். ஊரே திட்டினாலும் அழுத்துவாள்.

போன மழைக்காலத்தில்தான் அந்தப் புள்ளி விழத் தொடங்கியது. பளிச்சென்ற வெயில். மேகம் என்று பார்த்தால் கைக்குட்டை அளவுகூட இல்லை. திரையில் கடைசி ஸ்டாண்டின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. விதி விதிதான், அழுத்தினாள். எல்லாரும் ஓடிவந்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், பிறகு மேலே கண்ணாடியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன் வந்தார். எப்போதும் கையில் ஒரு மீட்டரோடு அலைவதால் அவர் பெயரும் மீட்டர். "இது மின்னலே இல்ல. எங்கயோ வெல்டிங் வெச்சிருப்பாங்க, இல்ல ஏதாவது மோட்டார் ஓடியிருக்கும். சென்சார் ஏமாந்துபோச்சு" என்றார். அவர் மீட்டரை மடக்கிப் பையில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வானம் கறுத்து, முதல் நிஜ இடி விழுந்தது.

மறுபடியும் அப்படியே. அதற்கடுத்த முறையும் அப்படியே. முதலில் வெறும் வானத்திலிருந்து கடைசி ஸ்டாண்டில் ஒரு புள்ளி. ஒரு டீ குடிக்கும் நேரம் கழித்து நிஜமான மின்னல். புள்ளி விழாமல் மழை வந்ததில்லை.

ஒருநாள் தளம் மூடியிருக்கும்போது ஒரு பைலட் ரேடியோவில் கோபமாகக் கூப்பிட்டார். இடம் இல்லாததால் அவருடைய விமானத்தைக் கடைசி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள்.

"மேடம், உங்க ஆளு லைன்ல தொந்தரவு பண்றாரு. அவரை உள்ள போகச் சொல்லுங்க."

"எங்க ஆளுங்க எல்லாரும் உள்ள வந்தாச்சு சார்."

"அப்போ வயர்ல பேசுறது யாரு? 'கூப்பிட்டாங்களா, கூப்பிட்டாங்களா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கடைசி ஸ்டாண்டில் விமானத்தின் மூக்கிலிருந்து ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் யாரும் இல்லை. ஓய்வறைக்குப் போன் போட்டு எண்ணச் சொன்னாள். அவள் புருஷன் உட்பட எல்லாரும் இருந்தார்கள், யாரோ சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜரிடம் போய், புள்ளி முன்கூட்டியே சொல்கிறது என்றாள். பைலட் கேட்ட குரலைப் பற்றிச் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் யாருக்கும் வராது.

"புள்ளிக்கு ஜோசியம் தெரியுமாம்மா?" என்றார் மேனேஜர். "வெயில் அடிக்கும்போது தளத்தை மூடினா மேலிடத்துல என் தலையைத்தான் உருட்டுவாங்க. அந்த இடத்தை மறைச்சிடுங்க. மறைக்கிறதுக்கு வழி இருக்குன்னு மீட்டரே சொன்னாரு."

வழி இருந்தது. பொய்ச் சமிக்ஞை வரும் இடத்தின் மேல் ஒரு சாம்பல் நிறக் கட்டத்தை இழுத்துவிட்டால் போதும். அதற்குள் எது விழுந்தாலும் திரைக்குக் கண் தெரியாது. மேனேஜர் சொன்னார் என்று அவர்மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் கட்டத்தை இழுத்தது அவள் கைதான். இழுத்து முடித்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மழைக்காலம் முழுக்க வசவு வாங்கியவள். இனி அந்தப் புள்ளியையும் பார்க்க வேண்டாம், அந்தத் தொங்குகிற வயரை நினைக்கவும் வேண்டாம்.

தொல்லை ஒழிந்தது என்று மேனேஜர் கடைசி ஸ்டாண்டைத் திறந்துவிட்டார். இந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது அங்கேயும் வரிசையாக விமானங்கள் நின்றன.

அன்றைக்குப் பிற்பகல். வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. திரையும் அப்படியே. மஞ்சள் வட்டத்துக்கும் வெளியே, தொலைவில், நாலைந்து புள்ளிகள் தங்கள் பாட்டுக்குக் கிடந்தன. கடைசி ஸ்டாண்டில் ஒரு விமானம் புறப்படத் தயாராக இருந்தது. அதன் மூக்கில் இழுவை வண்டியைக் கொக்கி போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே, கழுத்தில் வயரோடு, அவள் புருஷன். இத்தனை தூரத்திலிருந்தும் அவர் இடுப்பில் கைவைத்து நிற்கும் தோரணை தெரிந்தது. பக்கத்தில் ஆட்களை ஏற்றிவரும் வேன் நின்றிருந்தது.

வாக்கி கரகரத்தது. அவர்தான்.

"கண்ட்ரோல், நீ வயர்ல பேசினியா?"

"நான் எப்படிங்க அதுல பேசுவேன்? அது உங்களுக்கும் பைலட்டுக்கும் மட்டும்தானே."

"அதான் எனக்கும் குழப்பமா இருக்கு. பைலட் பேசலையாம். யாரோ கேக்குறாங்க."

"என்ன கேக்குறாங்க?"

"கூப்பிட்டாங்களான்னு."

அவள் திரையைப் பார்த்தாள். கடைசி ஸ்டாண்டின் மேல் சாம்பல் கட்டம் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. மவுஸை அதன் மேல் நகர்த்தினாள். கட்டத்தை அழித்தாள்.

அடியில் அரிசி சிந்தினமாதிரி வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, அந்த ஓர் இடத்தில் மட்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒன்று விழுந்தது, இன்னும் ஒன்று. ஒரு டீ குடிக்கும் நேரம் எப்போதோ முடிந்துபோயிருந்தது.

பொத்தானை ஓங்கி அழுத்தினாள். சைரன் கிளம்பியது.

"கழட்டுங்க. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு வேன்ல ஏறுங்க."

"கொக்கி மாட்டியாச்சு, பைலட்டுகிட்ட ஒரு வார்த்தை..."

"பைலட் உள்ளதான் இருக்காரு, அவருக்கு ஒண்ணும் ஆகாது. கட்டடத்துக்கு ஓட நேரமில்ல. வேனுக்குப் போங்க. கண்ணாடியை ஏத்துங்க, எதையும் தொடாதீங்க. இறக்கைக்கு அடியில நிக்காதீங்க. சொல்றதைக் கேளுங்க, இந்த ஒரு தடவை கிண்டல் பண்ணாதீங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவள் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான். ஹெட்செட்டைக் கழற்றி எறிவது தெரிந்தது. இழுவை வண்டிக்காரரைக் கையைப் பிடித்து இறக்கினார். இருவரும் ஓடினார்கள். வேன் கதவு மூடியது.

அவள் மற்ற ஸ்டாண்டுகளைக் கூப்பிடத் தொடங்கினாள். ஒண்ணு, உள்ள வாங்க. வந்துட்டோம். ரெண்டு, உள்ள வாங்க. வந்துட்டோம். கண் மட்டும் வேனை விட்டு நகரவில்லை. கடைசிக்கு முந்தைய ஸ்டாண்டின் பதில் வந்துகொண்டிருக்கும்போது உலகம் வெள்ளையானது.

சத்தம் தனியாக வரவில்லை, வெளிச்சத்தோடு சேர்ந்தே வந்தது. கண்ணாடிச் சுவர் ரீங்கரித்தது. அறை விளக்கு அணைந்து எரிந்தது. கண்ணில் ஒட்டிய வெள்ளை மெதுவாக விலகியபோது விமானம் அப்படியே நின்றிருந்தது. வேன் அதன் பக்கத்தில் நின்றிருந்தது. வானத்தில் இப்போதும் மேகம் தலைக்கு மேல் வந்திருக்கவில்லை.

"ஏங்க," என்றாள் வாக்கியில். கண்ட்ரோல் ரூமிலிருந்து அப்படிக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டாள். "ஏங்க."

கரகரப்பு மட்டும் வந்தது. அவள் ஜன்மத்தில் அந்தக் கரகரப்பைப் போல் நீளமான ஒன்றைக் கேட்டதில்லை.

"இருக்கோம்," என்றார். குரல் கொஞ்சம் ஒடிந்திருந்தது. "ரெண்டு பேரும் இருக்கோம். காது அடைச்சிருக்கு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை, பைலட் ரேடியோவில் கூப்பிட்டார்.

"கண்ட்ரோல், நாங்க நல்லா இருக்கோம். ஆனா உங்க ஆளு இன்னும் வெளிய நிக்கிறாரு."

"இல்ல சார், அவரு வேன்ல இருக்காரு. இப்பதான் பேசினேன்."

"லைன்ல இருக்காரும்மா. எனக்கு நல்லா கேக்குது." பைலட்டின் குரல் தாழ்ந்தது. "கூப்பிட்டாங்களான்னு கேக்குறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

அவள் விமானத்தின் மூக்கைப் பார்த்தாள். வயர் தொங்கியது. அதன் முனையிலிருந்த ஹெட்செட் தரையைத் தொடவில்லை. ஒரு மனிதனின் காது உயரத்தில், இழுத்துப் பிடித்த மாதிரி, ஆடாமல் நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஹெட்செட்காரர் இறந்த அன்றைக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள், இவரை மட்டும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசிக்கு முந்தின ஸ்டாண்டோடு நிறுத்திக்கொண்டாள். மனிதர் வேலை தெரிந்தவர். கூப்பிடாமல் இடத்தை விட்டு எப்படி நகருவார்?

வாக்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"கடைசி ஸ்டாண்டு, உள்ள வாங்க."

"நாங்கதான் உள்ள இருக்கோமே," என்றார் அவள் புருஷன்.

"உங்களைச் சொல்லல. சும்மா இருங்க." மறுபடி பொத்தானை அமுக்கினாள். "அண்ணே, உள்ள வாங்க. எல்லாரும் வந்தாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

விமானத்தின் மூக்கிலிருந்த வயர் தளர்ந்து, தரையில் விழுந்து, கொஞ்சம் உருண்டு நின்றது.

"வந்துட்டேன்னு சொன்னாரு," என்றார் பைலட். "அதுக்கப்புறம் லைன்ல சத்தமே இல்ல."

அவளுக்குப் பின்னால் கண்ட்ரோல் ரூம் கதவு திறந்து, தானாக மூடிக்கொள்ளும் அந்த மெல்லிய இழுவைச் சத்தம் கேட்டது. ரப்பர் கருகிய வாடை அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஸ்டாண்டின் மேல் கிடந்த வெள்ளைக் குவியலில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. அவளுடைய இடது கை முழுக்க மயிர் குத்திட்டு நின்றது.

மழை ஓய்ந்த பிறகு மீட்டர் போய் ஹெட்செட்டை எடுத்துவந்தார். பாதி உருகியிருந்தது. "இதை மாட்டியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மேனேஜர் அந்தச் சாம்பல் கட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்செடுக்கவே இல்லை. அவளும் இனி எந்த இடத்தையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். மறைக்க எதுவும் வரவும் இல்லை. கடைசி ஸ்டாண்டில் புள்ளி விழுவது அன்றோடு நின்றுபோனது.

இரண்டு வாரம் கழித்து ஒரு விடுமுறை நாள். வீட்டில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிவி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. ஜன்னலில் நல்ல வெயில், பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் அவள் இடது கையைப் பார்த்தார். குழம்புப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்திய கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மயிர் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது.

அவளும் பார்த்தாள். ரப்பர் வாடை லேசாக, எங்கிருந்தோ இல்லை, அவளிடமிருந்தே வந்தது.

"குளிருதா?" என்றார், பதில் தெரிந்தே.

"இல்ல," என்றாள். "உள்ள வாங்கன்னு நான்தானே கூப்பிட்டேன்."

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். டிவியின் பிளக்கைப் பிடுங்கினார். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். போய் ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து வீட்டுக்காரியை மாடியிலிருந்து கீழே இறங்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். பிறகு போனை எடுத்து, கண்ட்ரோல் ரூமில் அன்றைக்கு யார் இருந்தார்களோ அவர்களிடம் சொன்னார்:

"தளத்தை மூடுங்க. ஆமா, வெயில்தான் அடிக்குது. மூடுங்க."